பாட்டியின் நீலக்கல் பாலை நீலமாக்கவில்லை என்றால் போலியா?

கேள்வியை ஒரு தடவை சுருக்கிக்கொள்கிறேன். பாட்டி 1950-களில் வாங்கிய நீலக்கல் மோதிரம் இப்போது உங்களிடம் வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் அதை "சிலோன் நீலம்" என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு டம்ளர் பாலில் போட்டுப் பார்த்தீர்கள், பால் வெள்ளையாகவே இருந்தது. நகைக்கடைக்காரர் லென்ஸில் ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது ஹீட் பண்ணின கல்லுங்க" என்றார். ஆகவே கல் போலியா, தினமும் போடலாமா, எப்படிச் சுத்தம் செய்வது, விரலுக்குத் தொளதொளவென்று இருப்பதைச் சிறிதாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் "போலியா" என்ற சொல்லைப் பிரிக்க வேண்டும். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது நீலக்கல்தானா, இல்லை வேறு நீல நிறக் கல்லா? நீலக்கல் என்றால் மண்ணில் விளைந்ததா, உலையில் செய்ததா? மண்ணில் விளைந்தது என்றால், அதற்குப் பிறகு அதன் நிறத்தில் யாராவது கை வைத்தார்களா? கடைக்காரரும் நாமும் மூன்றையும் "ஒரிஜினல்" என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிடுகிறோம். பாதிச் சண்டை அங்கிருந்துதான் வருகிறது. நான் திருச்சியில், வீட்டு முன்னறையிலேயே செயற்கைக் கல் பட்டை தீட்டிய குடும்பத்தில் வளர்ந்தவன். பிறகு ஜெம்மாலஜி படித்து, 25 ஆண்டுகளுக்கு மேலாகக் கல் சோதிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய போட்டோவை வைத்து எந்த முடிவும் சொல்ல மாட்டேன். போட்டோவைப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. அது பால் இல்லை, பாட்டி வாங்கிய காலம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பால் சோதனை நேற்று முளைத்ததில்லை. கருட புராணத்தின் ரத்தினப் பகுதியிலேயே இருக்கிறது: தன்னைப்போல் நூறு மடங்கு பாலையும் நீலமாகக் காட்டும் கல் மகாநீலம். இப்படி ஒரு வரி எழுதப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. அடர்ந்த நிறமுள்ள தெளிந்த கல் வழியாக வெயில் இறங்கும்போது அடியில் இருக்கும் வெள்ளைப் பரப்பில் நீலம் விழும். பால் நல்ல வெள்ளைப் பரப்பு. ஆனால் அதே வேலையை நீலக் கண்ணாடி வளையல் துண்டும் செய்யும். சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள், வளையல் துண்டு ஜெயித்தாலும் ஜெயிக்கும். நல்ல சிலோன் நீலம் பலவும் வெளிர் நிறம் என்பதால் அவை தோற்றுப்போகும். கல்லை எடுத்த பிறகும் பால் நீலமாகவே இருக்கிறதென்றால் கொண்டாட வேண்டாம், கல்லில் ஏற்றிய சாயம் கரைகிறது.

நீலக்கல் என்பது என்ன? அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து படிகமான குருந்தம். ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். சுத்தமான குருந்தத்துக்கு நிறம் கிடையாது. துளி குரோமியம் சேர்ந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் அக்கம்பக்கமாக உட்கார்ந்தால் நீலம். இரும்பு தனியாக மஞ்சளைத் தரும், அதைத்தான் நம் கடைகளில் கனக புஷ்பராகம் என்று விற்கிறோம். அதாவது சூரியனுக்கும் குருவுக்கும் சனிக்கும் நவரத்தினத்தில் சொன்ன மூன்று கல்லும் ஒரே தாது. மாணிக்கத்தையும் நீலத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, சூரியனுக்கும் சனிக்கும் ஆகாது என்று ஜோசியர் சொல்லும்போதெல்லாம், ஒரே கல்லில் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக என் மேஜைக்கு வந்த துண்டுகள் நினைவுக்கு வரும்.

முதல் கேள்வி எளிது. ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் ஒளிவிலகல் மானியில் கல்லை வைத்தால் நீலக்கல் 1.76-லிருந்து 1.77 வரை காட்டும். கண்ணாடி பெரும்பாலும் அதற்கு வெகு கீழே நிற்கும். நீலக்கல்லுக்குப் பதிலாக விற்கும் செயற்கை ஸ்பைனல் என்ற வேறொரு கல் 1.73 பக்கம் ஒரே கோடாகக் காட்டும். இரண்டு நிமிட வேலை. இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. பழைய மோதிரங்களில் இன்னொரு கில்லாடி வேலை உண்டு: மேலே கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் மெல்லிய தகடு, கீழே நீலக் கண்ணாடி, இரண்டையும் உருக்கி ஒட்டியது. மேல்பக்கம் கீறல் விழாது, கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாது. மோதிரத்தைக் கவிழ்த்து வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். கல்லின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் தெரிந்தால் அதுதான்.

இப்போது சாட்சிக்கு வருவோம். 1950-களில் இந்தியாவில் ஒரு பெண்மணி கையில் எந்தெந்த நீலக் கல் வந்திருக்க முடியும்? டான்சனைட் என்ற நீலக் கல் வகை 1967-ல்தான் வெளிப்பட்டது, அது தள்ளுபடி. மடகாஸ்கரின் இலாகாகா நீலக்கல் வயல் 1998-ல் வந்தது, அதுவும் தள்ளுபடி. பெரிலியத்தை உள்ளே ஏற்றி நிறம் மாற்றுவது, வெடிப்புகளில் கோபால்ட் கண்ணாடி நிரப்புவது எல்லாம் இந்த நூற்றாண்டின் கைவேலை. மிச்சம் இருப்பவை இயற்கை நீலம், கண்ணாடி, ஸ்பைனல், ஒட்டுக்கல், செயற்கை நீலக்கல். இதில் பலரும் மறந்துபோவது கடைசியானதை. பிரான்ஸில் வெர்னாய் என்பவர் தூளை நெருப்பில் உருக்கிச் சொட்டுச்சொட்டாகப் படிகம் வளர்க்கும் முறையை 1902-ல் மாணிக்கத்துக்கு அறிவித்தார். அடுத்த பத்தாண்டுக்குள் நீலமும் வந்துவிட்டது. பாட்டி கடைக்குப் போனபோது செயற்கை நீலக்கல்லுக்கு நாற்பது வயதுக்கு மேல். "அந்தக் காலத்துக் கல், அதனால் அசல்" என்ற கணக்கு அதனால்தான் நிற்காது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தீட்டுவதற்கு வைத்திருந்த பேரிக்காய் வடிவக் கட்டிகள் அப்படி உலையில் வளர்ந்தவைதான். வேதியியலில் அதுவும் நீலக்கல்லே. ஒளிவிலகல் மானி அதற்கும் 1.76 என்றுதான் சொல்லும்.

பிரித்துக் காட்டுவது உள்ளே இருக்கும் கோடுகள். பால் ஊற்றிய டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, தெளிந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதற்குள் மோதிரத்தைப் போடுங்கள். கீழே வெள்ளைத்தாள், பக்கத்தில் விளக்கு. தண்ணீருக்குள் மேல்பட்டைகளின் மினுக்கல் அடங்கி, கல்லின் உள் நிறம் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் நல்லது. மண்ணில் விளைந்த கல்லில் நிறம் நேர்க்கோட்டுப் பட்டைகளாக ஓடும், அவை சந்திக்கும் இடத்தில் தேன்கூட்டு மூலைபோல மடங்கும். உலைக் கல்லில் பழைய இசைத்தட்டின் வரிபோல வளைந்து ஓடும், கூடவே சிறுசிறு காற்றுக் குமிழ்களும் இருக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள். இலங்கையில் பட்டை தீட்டுபவர்கள் கல்லில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் நீலத்தை அடிமுனைக்கு வரும்படி வைத்துத் தீட்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நீலம். பக்கவாட்டில் திருப்பினால் முக்கால்வாசி வெள்ளையாக, அடியில் மட்டும் மைத்துளி விட்டதுபோல நிறம் தேங்கி நிற்கும். அடிப்பாகமும் கொஞ்சம் தொந்தி போட்டிருக்கும். உங்கள் கல் அப்படி இருந்தால், "சிலோன்" என்று வீட்டில் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று நினைக்கலாம். கோடே தெரியாமல் ஒரே சீராக, அப்பழுக்கற்று, பெரிதாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இவை வலுவான குறிகள், தீர்ப்பில்லை. வளைகோடு கண்ணில் படாத செயற்கைக் கல்லும் உண்டு.

மூன்றாவது கேள்விதான் கடைக்காரர் எழுப்பியது. அங்கே அவர் சொன்னதும் பாட்டி சொன்ன காலமும் ஒட்டவில்லை. இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் குழி தோண்டி இல்லம் எனப்படும் கல் கலந்த சரளையை எடுத்துக் கூடையில் அரித்தால், நல்ல நிறக் கல்லோடு மங்கலான வெள்ளைக் கற்களும் நிறைய வரும். கெவுடா என்று பெயர். பால் கெவுடா, டீசல் ஊற்றியதுபோல மினுங்கும் டீசல் கெவுடா என்று அதில் வகைகளும் உண்டு. ஒரு காலத்தில் மதிப்பில்லாமல் கிடந்தவை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக அள்ளிக்கொண்டு போய் 1500 டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். கல்லை மங்கலாக்கிய நுண்ணூசிகள் டைட்டானியம் சேர்ந்தவை. அவை கரைந்து உள்ளேயே இருக்கும் இரும்போடு சேர்ந்ததும் கல் தெளிந்து நீலமானது. குப்பையில் கிடந்தது மோதிரத்துக்கு ஏறியது. அதற்கு முன்பும் சூடாக்குதல் இருந்தது. பேருவளையில் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகளிடையே கரி நெருப்பில் கல்லை வைத்து ஊதுகுழாயால் ஊதும் கைவேலை தலைமுறைகளாக நடந்தது. ஆனால் அது பெரும்பாலும் சிவப்புக் கல்லில் ஒட்டியிருக்கும் ஊதா நிறத்தைப் போக்கத்தான். கெவுடாவை நீலமாக்கும் சூடு அதில் வராது.

ஆகவே, மோதிரம் 1950-களில் வாங்கியதும் கல் மாறாததும் உண்மை என்றால், உலையில் பழுத்த கெவுடாவாக அது இருக்க வழியில்லை. கடைக்காரர் சொன்னது சரி என்றால், இடையில் எப்போதோ கல் மாறியிருக்க வேண்டும். இதைப் படித்ததும் பழைய ஆசாரி மேல் பழி போட்டுவிடாதீர்கள். பழைய கல் உடைந்து தாத்தாவே வேறு கல் பதித்திருக்கலாம், வாங்கிய காலத்தை வீட்டில் தப்பாக நினைத்திருக்கலாம், கடைக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். என் அனுபவத்தில் கடைசிதான் அதிகம். கடுஞ்சூடு பட்ட கல்லில் உள்ளே இருந்த சிறு படிகத்தைச் சுற்றித் தட்டுபோல வெடிப்பு விரிந்திருக்கும், நுண்ணூசிகள் அறுந்து புள்ளிப்புள்ளியாகியிருக்கும். பழகிய கண்ணுக்கு அது தெரியும். ஊசிகள் முனை மழுங்காமல் பட்டு நூல்போல நீளமாக, 120 பாகைக் கோணத்தில் குறுக்கிட்டுக் கிடந்தால் கடுஞ்சூடு படவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். நட்சத்திர நீலக்கல்லின் ஆறு கதிரும் அந்த ஊசிகளின் வேலைதான். உள்ளே எதுவுமே இல்லாத சுத்தமான கல்லில் லென்ஸ் மட்டும் போதாது, கருவி வேண்டும். ஆயிரம் டிகிரிக்குக் கீழே லேசாகச் சூடாக்கியிருந்தால் பெரிய ஆய்வகங்களே தயங்கும்.

சூடாக்கிய கல் போலி இல்லை. இன்று கடையில் இருக்கும் நீலத்தில் பெரும்பகுதி சூடு கண்டதுதான். அந்த நிறம் நிலையானது, கழுவினாலோ வெயில் பட்டாலோ போகாது. விலையில்தான் வித்தியாசம், சூடாக்காத நல்ல கல்லுக்குப் பல மடங்கு கேட்பார்கள். சொல்லாமல் விற்பதுதான் குற்றம். கண்ணாடி நிரப்பிய கல்லோ வேறு ஜாதி. அதை நான் நீலக்கல் என்று எழுதிக்கொடுக்கவே யோசிப்பேன்.

ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது, கடையோடு சம்பந்தமில்லாத ஆய்வகமாகப் பாருங்கள். அறிக்கையில் "இயற்கை" என்ற சொல்லைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். சூடாக்கிய கல்லும் இயற்கைக் கல்தான், அதற்கும் அப்படித்தான் எழுதுவார்கள். கீழே குறிப்பு என்று ஒரு வரி இருக்கும். சூடாக்கிய அறிகுறி உண்டா இல்லையா என்பது அங்கேதான் இருக்கும். எந்த நாட்டுக் கல் என்று எழுதியிருந்தால் அதை நிபுணரின் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லுக்கு இரண்டு ஆய்வகம் இரண்டு நாடு சொன்னதைப் பார்த்திருக்கிறேன், இரண்டும் நேர்மையான ஆய்வகங்கள். யாராவது இது காஷ்மீர் நீலம் என்று ஆரம்பித்தால் மட்டும் உஷாராகிவிடுங்கள். பாடர் பள்ளத்தாக்கில், 4500 மீட்டர் உயரத்தில், 1881 வாக்கில் மலைச்சரிவில் வெளிப்பட்ட அந்தச் சுரங்கத்தின் நல்ல கல்லெல்லாம் 1887-க்குள் ஏறக்குறைய தோண்டி எடுத்தாயிற்று. மயில் கழுத்து நிறம் என்று சொல்லி விற்பதெல்லாம் அங்கிருந்து வந்ததில்லை.

சனி விஷயத்தை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் "போட்டால் ஏதும் ஆகிவிடுமா" என்று ஓரமாக ஒரு வரி இருந்தது. திருவிளையாடல் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்தில், வலன் என்ற அசுரனின் உடல்தான் நவமணிகளானது என்று வரும். ரத்தம் மாணிக்கம், கண்கள் நீலம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கும் நீலத்தைக் கண்டால் ஒரு சின்னத் தயக்கம் இருக்கத்தான் செய்யும். தலையணைக்கு அடியில் மூன்று ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்வார்கள். அப்படி வைத்துக் கெட்ட கனவு கண்டதாக ஒருவர் பயந்துபோய் கல்லைத் திருப்பிக் கொடுக்க வந்தார், கடைக்காரர் என்னிடம் அனுப்பினார். சோதித்தால் அது கண்ணாடி. அதை வைத்து ஜோசியம் பொய் என்று வாதாட மாட்டேன், அது என் படிப்பில்லை. கல்லைப் பற்றி மட்டும்தான் நான் சொல்ல முடியும்: குருந்தம் உடம்புக்கு எதுவும் செய்யாது, தோலில் கரையாது.

தினமும் போடலாம். மோஸ் அளவில் கடினம் 9, அதற்கு மேல் வைரம்தான். தெருப்புழுதி நீலக்கல்லைக் கீறாது. உங்கள் வாட்சில் கீறல் விழாத கண்ணாடி இருந்தால் அதுவும் நிறமில்லாத செயற்கை நீலக்கல்லாக இருக்கலாம். ஆனால் கீறாது என்பதும் உடையாது என்பதும் வேறு வேறு. குழாயடியில் ஓங்கித் தட்டினால் விளிம்பு சில்லு தெறிக்கும். வைர மோதிரத்தோடு ஒரே டப்பாவில் போட்டால் வைரம் கீறிவிடும், இன்னொரு நீலக்கல்லும் கீறும். எமரித் தாளில் ஒட்டியிருக்கும் தூளே குருந்தம்தானே. ஜாதகத்துக்காகச் செய்த மோதிரம் என்றால் அடியைத் திறந்து விட்டிருப்பார்கள், கல் தோலில் படவேண்டும் என்று. அதில் ஒரு தொல்லை: சோப்பு, தேங்காய் எண்ணெய், விபூதி, மாவு பிசைந்தது எல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்க் கல்லின் முதுகில் அப்பிக்கொள்ளும். "கல் மங்கிப்போச்சு, சக்தி போச்சு" என்று கொண்டு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் செய்வது முதுகு தேய்த்து விடுவதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, இருபது நிமிடம் ஊறட்டும், பிறகு குழந்தைப் பல்துலக்கியால் அடிப்பக்கமாகத் தேய்த்துக் கழுவுங்கள். எலுமிச்சையும் புளியும் வேண்டாம். நல்ல கல்லுக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது, ஆனால் கண்ணாடி நிரப்பிய கல் என்றால் அந்தக் கண்ணாடியை அமிலம் அரித்து வெடிப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் கல் எது என்று தெரியும்வரை கடையில் நகை சுத்தம் செய்ய வைத்திருக்கும் அதிர்வுத் தொட்டியிலும் (அல்ட்ராசோனிக்) போட விடாதீர்கள்.

மோதிரத்தைச் சிறிதாக்குவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான வேலை. அதனால் முதலில் ஆய்வகம், பிறகுதான் ஆசாரி. நீலக்கல் நெருப்பைத் தாங்கும், வெங்காரத்தை (போராக்ஸ்) தாங்காது. பத்தவைக்கும்போது தடவும் வெங்காரம் அந்தச் சூட்டில் கல்லின் மேல் ஓடினால் மேல்பரப்பைத் தின்றுவிடும். எங்கள் வீட்டுக்கல் ஒன்றே இப்படிப் போயிற்று. அத்தையின் மோதிரத்தைக் கல்லோடு வைத்தே வளையத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தார் ஒருவர். திரும்பி வந்தபோது மேல்பட்டை மழை பெய்து காய்ந்த தகரம்போலச் சொரசொரப்பாக இருந்தது, அத்தை எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து ஒரு வாரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தீட்டியதில் எடை குறைந்ததுதான் மிச்சம். இன்னொரு தப்பு, சூட்டோடு தண்ணீரில் போடுவது. உள்ளே சின்ன வெடிப்பு இருந்தால் அது அன்றைக்கே பெரிதாகிவிடும். கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பு காட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், அதற்குக் கூலி கூடக் கேட்டாலும் கொடுங்கள். கழற்றும் அன்று நீங்கள் பக்கத்தில் இருந்தால், கல்லைத் தனியாக எடை போட்டு, நீள அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி, லென்ஸ் வழியாக உள்ளிருக்கும் கோட்டையும் புள்ளியையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படம் கல்லின் கைரேகை. திரும்ப வந்தது பாட்டியின் கல்தானா என்பதை அதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.